ஆர்.சி கார் வாங்கப் போறீங்களா? வேகத்தைப் பார்க்கும் முன் பேட்டரியையும் மோட்டாரையும் பாருங்க!

கொடைரோடு ரயில் நிலையத்தில் இறங்கி, கொடைக்கானலுக்கு பஸ் ஏறியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வத்தலக்குண்டு வரை டாப் கியரில் பறக்கும் பஸ், மலைப்பாதை தொடங்கியதும் இரண்டாவது கியருக்கு இறங்கிவிடும். எஞ்சின் அதேதான், டீசலும் அதேதான். ஆனால் டிரைவர் வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையை வாங்குகிறார். டாப் கியரிலேயே ஏற்றப் பார்த்தால் எஞ்சின் திணறி நின்றுவிடும்.

ரிமோட்டில் ஓடும் ஆர்.சி காருக்கும் இதே கணக்குதான். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு, அது ஆபத்தான வித்தியாசம். டீசல் எஞ்சின் திணறினால் நின்றுவிடும். எலெக்ட்ரிக் மோட்டார் திணறினால் சும்மா நிற்காது; பேட்டரியிலிருந்து கரன்ட்டை இழுத்துக்கொண்டே சூடாகும். முதலில் மோட்டார் போகும், அடுத்து கன்ட்ரோலர் போகும். மோசமான நேரத்தில் பேட்டரியே தீப்பிடிக்கும்.

முதல் ஆர்.சி கார் வாங்கும் பலரும் பார்ப்பது ஒரே ஒரு எண்ணைத்தான்: 'மணிக்கு எத்தனை கி.மீ. போகும்?' பார்க்க வேண்டியது வேறு. பேட்டரி, கன்ட்ரோலர், மோட்டார், கியர் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்பதுதான் முக்கியம். எப்படிப் பார்ப்பது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பொம்மை காருக்கும் ஹாபி காருக்கும் என்ன வித்தியாசம்?

கடையில் தொங்கும் ரிமோட் கார் பொம்மை. அதில் ஒரு பாகம் போனால் காரே போச்சு. இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ முத்திரை இருப்பது 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம்.

ஹாபி கார் வேறு ரகம். மோட்டார், கன்ட்ரோலர், சர்வோ, கியர், பேட்டரி என்று எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம். ஜப்பானின் டமியா நிறுவனம் 1976-ல் போர்ஷே 934 காரின் 1/12 அளவு மாதிரியை எலெக்ட்ரிக் ஆர்.சி கிட்டாக விற்கத் தொடங்கியது. உதிரியாக வாங்கி, நாமே பூட்டி, நாமே ஓட்டும் இந்தப் பழக்கம் அந்தக் காலத்திலிருந்தே வளர்ந்து வருகிறது. மாற்றலாம் என்பது வசதிதான். ஆனால் எதை வேண்டுமானாலும் எதோடும் மாட்டலாம் என்று நினைக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

பிரஷ்டு மோட்டாரா, பிரஷ்லெஸ்ஸா?

வீட்டு மின்விசிறியை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய விசிறி சுமார் 75 வாட் எடுக்கும். இப்போது வரும் 'பி.எல்.டி.சி' விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். அந்த 'பி.எல்' என்பதே பிரஷ்லெஸ்தான்.

பிரஷ்டு மோட்டாரில் கார்பன் துண்டுகள் உரசிக்கொண்டே சுழலும் பகுதிக்குக் கரன்ட் கொடுக்கும். உரசல் இருப்பதால் தேய்மானமும் சூடும் உண்டு. பிரஷ்லெஸ்ஸில் உரசல் கிடையாது. எந்தச் சுருளுக்கு எப்போது கரன்ட் என்பதை வெளியே உள்ள எலெக்ட்ரானிக் கன்ட்ரோலர் முடிவு செய்யும். ரயிலிலும் இதே மாற்றம் நடந்தது. பழைய மின்சார எஞ்சின்களில் கார்பன் பிரஷ் மோட்டார்கள் இருந்தன. இன்று எக்ஸ்பிரஸ் ரயில்களை இழுக்கும் டபிள்யு.ஏ.பி-7 வகை எஞ்சின்களில் பிரஷ் இல்லாத 3 ஃபேஸ் மோட்டார்கள்.

அடையாளம் காண்பது சுலபம். மோட்டாரிலிருந்து 2 வயர் வந்தால் பிரஷ்டு, 3 தடித்த வயர் வந்தால் பிரஷ்லெஸ். ஒன்றின் கன்ட்ரோலரை மற்றதற்கு மாட்ட முடியாது. மோட்டாரை மாற்றினால் கன்ட்ரோலரையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும் என்பதை பட்ஜெட் போடும்போதே நினைவில் வையுங்கள்.

புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு பிரஷ்டு மோசமில்லை. விலை குறைவு, வேகம் அடக்கம், தண்ணீர் தூசியையும் ஓரளவு தாங்கும். அடிக்கடி ஓட்டப் போகிறீர்கள் என்றால் பிரஷ்லெஸ் லாபம்.

'3300 கேவி' என்றால் என்ன?

இது கிலோவோல்ட் இல்லை! சுமை இல்லாமல் 1 வோல்ட் கொடுத்தால் மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பதுதான் கேவி.

ஒரு 1/10 அளவு பக்கி காரை எடுத்துக்கொள்வோம். 3300 கேவி மோட்டார், 7.4 வோல்ட் பேட்டரி. பெருக்கினால் நிமிடத்துக்கு 24,420 சுற்று. கியரில் 9 சுற்றுக்கு ஒரு சக்கரச் சுற்று என்றால் சக்கரம் சுமார் 2,713 சுற்று சுற்றும். சக்கரத்தின் விட்டம் 8.5 செ.மீ. என்றால் மணிக்கு 43 கி.மீ.க்கு மேல் வரும். இது காகிதக் கணக்கு. காற்றும் மண்ணும் இழுப்பதால் நிஜத்தில் குறையும்.

இதே காரில் 11.1 வோல்ட் பேட்டரியை மாட்டினால் கணக்குப்படி 65 கி.மீ. வரும். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மணிக்கு 65 கி.மீ.யில் காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி, 43-ல் தேவைப்படுவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அந்தச் சக்தி முழுவதும் அதே மோட்டார், அதே வயர் வழியாகத்தான் வர வேண்டும்.

கேவி அதிகம் என்றால் நல்ல மோட்டார் என்று அர்த்தமில்லை. ஒரே சைஸ் மோட்டாரில் கேவி கூடினால் சுற்று கூடும். ஒவ்வொரு ஆம்பியருக்கும் கிடைக்கும் இழுவை குறையும். பிரஷ்டு மோட்டாரில் இதையே 'டர்ன்' என்று எழுதுவார்கள். 27 டர்ன் நிதானம், 12 டர்ன் வேகம். அதாவது எண் குறையக் குறைய வேகம் கூடும்.

மோட்டார் ஏன் சூடாகிறது?

மோட்டார் சுற்றும்போது அதுவே சின்ன டைனமோ போல எதிர் வோல்டேஜ் உண்டாக்கும். உள்ளே வரும் கரன்ட்டை அது தடுத்துப் பிடிக்கும். மோட்டார் மெதுவாகச் சுற்றினால் தடுப்பும் குறையும், கரன்ட் பாயும். கரன்ட் இரண்டு மடங்கானால் சுருளில் சூடு நான்கு மடங்கு.

உயரமான புல்லிலோ, உழுத மண்ணிலோ கார் திணறும்போது நடப்பது இதுதான். தீர்வு, பஸ் டிரைவர் செய்வதே: கியரைக் குறைப்பது. ஆர்.சி காரில் மோட்டார் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் பினியன். அதில் 2 பல் குறைவான பினியனை மாட்டினால் உச்ச வேகம் கொஞ்சம் போகும். சூடு குறையும், இழுவை கூடும். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை இது. இதைச் செய்யாமல் பெரிய மோட்டார் தேடுவது வீண் செலவு.

பேட்டரி லேபிளை எப்படிப் படிப்பது?

'2எஸ், 5000 எம்.ஏ.எச், 30சி' என்று எழுதியிருக்கும். மூன்றுக்கும் தனித்தனி அர்த்தம்.

*2எஸ்:* இரண்டு செல் வரிசையாக. லித்தியம் பாலிமர், அதாவது லைப்போ செல் ஒன்றுக்கு 3.7 வோல்ட். இரண்டுக்கு 7.4. முழு சார்ஜில் செல்லுக்கு 4.2 வோல்ட்.

*5000 எம்.ஏ.எச்:* டேங்க் கொள்ளளவு. கார் சராசரியாக 20 ஆம்பியர் இழுத்தால் கால் மணி நேரம். கடைசி 20 சதவீதத்தைத் தொடாமல் நிறுத்துவது நல்லது. ஆக 12 நிமிடம்.

*30சி:* எவ்வளவு வேகமாகக் கரன்ட் தரும் என்பது. 5 ஆம்பியர் பெருக்கல் 30, அதாவது 150 ஆம்பியர்.

இங்கேதான் உஷார் தேவை. '100சி' என்று எழுதியிருந்தால் 500 ஆம்பியர் வருகிறது. அந்தப் பேட்டரியின் முனையில் இருப்பது எக்ஸ்.டி-60 கனெக்டர் என்றால், அது தாங்கக்கூடியது 60 ஆம்பியர் அளவுதான். லேபிள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே கொள்ளளவுள்ள இரண்டு பேட்டரியில் கனமானதும், வயர் தடிமனானதும் பெரும்பாலும் நேர்மையானது.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்ற பழைய வகையும் கிடைக்கிறது. 6 செல் சேர்ந்து 7.2 வோல்ட். கனம் அதிகம், துடிப்பு குறைவு. ஆனால் முரட்டுத்தனத்தைப் பொறுத்துக்கொள்ளும். வீட்டில் குழந்தைகள் ஓட்டப்போகிறார்கள் என்றால் இதுவே பாதுகாப்பு.

நான்கையும் எப்படிப் பொருத்துவது?

முதலில் காரின் எடையும் அளவும் மோட்டார் சைஸை முடிவு செய்யும். 1/18 போன்ற சின்னக் கார்களுக்கு 380 சைஸ், 1/10 பக்கிக்கு 540, கனமான 1/10 டிரக்குக்கு நீளமான 550. அடுத்து கன்ட்ரோலர். அதில் 'எத்தனை எஸ் வரை' என்று எழுதியிருக்கும். 2எஸ் மட்டும் தாங்கும் கன்ட்ரோலரில் 3எஸ் மாட்டினால் புகை வரும், வாரன்டி வராது. மோட்டார் இழுக்கும் கரன்ட்டைவிடக் கன்ட்ரோலரின் ஆம்பியர் கூடுதலாக இருக்கணும். அதைவிடக் கூடுதலாகப் பேட்டரி தரணும். கடைசியாக, பேட்டரி வைக்கும் குழியை ஸ்கேலால் அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். திரும்ப அனுப்பப்படும் பேட்டரிகளுக்கு இந்த அரை சென்டிமீட்டரும் ஒரு காரணம்.

லைப்போ மாட்டினால் கன்ட்ரோலரில் 'லைப்போ கட்-ஆஃப்' ஆன் ஆகியிருக்க வேண்டும். செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

நம்ம ஊர் வெயில் என்ன செய்யும்?

ஐரோப்பிய யூடியூபர் 15 டிகிரி குளிரில் காட்டும் செட்டப், ஏப்ரல் மாத திண்டுக்கல் சமவெளிக்குப் பொருந்தாது. காற்றே 38, 40 டிகிரியில் இருக்கும்போது மோட்டார் ஆறுவதற்கு இடமில்லை. செம்மண் புழுதி பேரிங்குக்குள் போனால் உரசலும் சேரும்.

5 நிமிடம் ஓட்டுங்கள், நிறுத்துங்கள், மோட்டார் மேல் விரலை வையுங்கள். 3 விநாடி வைத்திருக்க முடியவில்லையா? கியர் அதிகம். சரியாக அளக்க, தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் தெர்மாமீட்டர் காய்ச்சல் அளவோடு நின்றுவிடும். மோட்டார் 70-80 டிகிரியைத் தொட்டால் நிறுத்திவிடுங்கள். பேட்டரி ஒருபோதும் 60-ஐத் தொடக் கூடாது. வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் லைப்போவை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

சார்ஜ் போடும்போது என்ன கவனிக்கணும்?

லைப்போ விபத்துகளில் நிறைய சார்ஜ் ஆகும்போது நடப்பவை. போன் சார்ஜர் மாதிரி போட்டுவிட்டுத் தூங்கிவிடக் கூடாது.

• ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கும் பேலன்ஸ் சார்ஜர் அவசியம்.
• சார்ஜரில் பேட்டரி வகையும் செல் எண்ணிக்கையும் சரியா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.
• 5000 எம்.ஏ.எச் பேட்டரிக்கு 5 ஆம்பியர் போதும்.
• மெத்தை, சோபா, மர அலமாரி வேண்டாம். சிமென்ட் தரையில், ஆள் பார்வையில் வையுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.
• ஓட்டி முடித்ததும் சூடு ஆறிய பிறகே சார்ஜ்.
• ஒரு வாரத்துக்கு ஓட்டப்போவதில்லை என்றால், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் 'ஸ்டோரேஜ்' நிலையில் வையுங்கள். முழு சார்ஜில் விட்டால் உப்பும்.

உப்பிய பேட்டரியை அமுக்கிப் பார்ப்பது, ஊசி குத்திக் காற்றை எடுப்பது இரண்டுமே தீயை அழைப்பது. அதைக் குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியை மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாக ஒப்படைக்க வேண்டும்.

வீக் எண்டுக்கு ஊருக்கு எடுத்துட்டுப் போகலாமா?

விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு: வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 7.4 பெருக்கல் 5, அதாவது 37 வாட்-மணி. 100 வாட்-மணிக்குள் இருக்கும் உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில் மட்டுமே போகலாம். செக்-இன் பெட்டியில் கூடாது. முனைகளை டேப்பால் மூடுங்கள். எத்தனை பேட்டரி என்பதை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஆன்லைனில் ஆர்டர் செய்பவர்களும் பொறுமை காக்கணும். லித்தியம் பேட்டரி 'ஆபத்தான சரக்கு' பட்டியலில் இருப்பதால் தரைவழியில் வர நாளாகலாம். சின்ன ஊர்களில் இருப்பவர்கள் காரோடு சேர்த்தே இரண்டாவது பேட்டரியையும் வாங்கிவிடுவது நல்லது.

அப்போ முதல் செட்டப் என்ன?

1/10 அளவு பக்கி அல்லது டிரக். 540 சைஸ் மோட்டார், பிரஷ்டு அல்லது 3000 கேவி அளவில் பிரஷ்லெஸ். 60 ஆம்பியர் கன்ட்ரோலர். ஹார்டு கேஸ் 2எஸ் லைப்போ இரண்டு. நம்பகமான பேலன்ஸ் சார்ஜர். பட்ஜெட் இடித்தால் மோட்டாரில் குறைத்துக்கொள்ளுங்கள், சார்ஜரில் குறைக்காதீர்கள். மெதுவான மோட்டாரால் யாருக்கும் சேதமில்லை. மட்டமான சார்ஜர் இருப்பது உங்கள் வீட்டுக்குள்.

3எஸ் ஆசை வந்தால், அன்றைக்குப் பேட்டரியை மட்டும் மாற்றாதீர்கள். சின்ன பினியன், தாங்கும் கன்ட்ரோலர், பெரிய கனெக்டர் என எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். வத்தலக்குண்டு தாண்டியதும் கியரைக் குறைக்கிற டிரைவர்தான் பஸ்ஸை கொடைக்கானல் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்.