படுவான்கரைக் காடுகளின் வயது

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக அமைந்த நிலம் எழுவான்கரை எனவும், மேற்கே வயலும் காடுமாக விரிந்த நிலம் படுவான்கரை எனவும் வழங்கும். படுவான்கரைக்கு அப்பால் பாலையும் வீரையும் நெருங்கி நிற்கும் காட்டைக் காண்போர், அஃது ஆதிநாள் தொட்டு மனிதன் கைபடாது நிற்பது என்றே கருதுவர். இக்கருத்துப் பெரும்பாலும் பிழையானது.

அக்காட்டினுள்ளே தூர்ந்த குளங்களின் அணைகளும் கற்றூண்களும் ஆங்காங்கு காணப்படுகின்றன. அணையின் மேலேயே பெருமரங்கள் வேரோடி நிற்பதும் உண்டு. பண்டையோர் காட்டுக்கு நீர் பாய்ச்சக் குளம் கட்டினாரல்லர், வயலுக்கே கட்டினர். 13 ஆம் நூற்றாண்டில் பொலநறுவை அரசு சிதைந்தபின், உலர் வலயத்துக் குளங்கள் பல பேணுவாரின்றி உடைந்தன; குடிகள் பெயர்ந்தன; விட்ட நிலத்தைக் காடு கொண்டது. கம்போசத்து அங்கோர் நகரை மரங்கள் மூடியதும் இத்தகையதே. வெப்ப நாட்டு மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக அமைவதில்லை. ஆதலின் காட்டின் வயதை மரத்தினும் அதன் அடியிற் கிடக்கும் கல்லே நன்கு உணர்த்தும்.

ஊர்ப்பெயர்களும் சான்றாவன. இலுப்படிச்சேனை, பாலையடிவட்டை என்னும் பெயர்களில் முன்னது சேனைப் பயிரையும் பின்னது நெல்வயலையும் மரத்தோடு சேர்த்தே குறிக்கின்றன. சேனை செய்வோர் கோடையில் காட்டை வெட்டி உலரவிட்டு, மாரிக்கு முன் தீயிட்டு, சாம்பல் படிந்த மண்ணில் குரக்கனும் சோளமும் விதைப்பர். இரண்டு மூன்று போகத்தின் பின் நிலத்தைக் கைவிடுவர். முதலிற் புல்லும், பின் சூரை முதலிய முட்பற்றைகளும் எழும். வெட்டுண்ட அடிக்கட்டைகள் துளிர்க்கும். நெடுங்காலம் விட்டுவைப்பின் மரக்காடு மீளும். சில ஆண்டுகளிலேயே மீண்டும் வெட்டினால் பற்றை பற்றையாகவே நின்றுவிடும். சேனையே காட்டின் பகை என்று பழிப்போர் இந்த இடைக்காலத்தைக் கருதுவதில்லை.

எம்மரம் மீளும் என்பதை மழையே வரையறுக்கிறது. மட்டக்களப்பில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,650 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. இது சிறிய அளவன்று. எனினும் அதிற் பாதிக்கு மேற்பட்டது நவம்பர் முதல் சனவரி வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடும். பின்னர்க் கச்சான் காற்று வீசும் நீண்ட வறட்சியைத் தாங்கவல்ல மரமே இங்கு நிலைக்கும். சிங்கராசாவின் ஈரக்காட்டு மரங்கள் இங்கு வளராமைக்குக் காரணம் மழையின் குறைவு மட்டுமன்று, அதன் பங்கீடுமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதிரையும் கருங்காலியும் தெரிந்து வெட்டப்பட்டுக் கடல் கடந்தன. காடு நின்றது, அதன் விலையுயர்ந்த மரங்கள் அருகின. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமோ பட்டிப்பளை ஆற்றின் இருமருங்கும் காட்டையே அகற்றிக் குடியேற்றமும் வயலும் ஆக்கியது. அதனால் எழுந்த சேனாநாயக்க சமுத்திரத்தின் நீரேந்து பகுதியைக் காக்கவே 1954 இல் கல்லோயாத் தேசியப் பூங்கா வகுக்கப்பட்டது. ஒரே திட்டம் காட்டை அழித்ததும் காத்ததும் வியப்புக்குரியது.

1978 நவம்பர் 23 இல் வீசிய சூறாவளி தென்னந்தோப்புகளையும் காட்டு மரங்களையும் ஒருங்கே சாய்த்தது. பெருமரம் வீழ்ந்த இடத்தில் வெயில் புகுந்து, ஒளிவிரும்பும் செடிகொடிகள் முந்தி எழுவது இயற்கை. பின்வந்த போர்க்காலத்திலோ மக்கள் இடம்பெயர, விடப்பட்ட வயல்களிற் பற்றை படர்ந்தது. பழைய குளங்களின் வரலாறு சிறிய அளவில் மீண்டும் நிகழ்ந்தது எனலாம்.

வாவியோரக் காடு வேறு வகையினது. கண்டலும் கண்ணாவும் தில்லையும் அங்கு வளர்வன. முருகன் கோயில் கொண்ட மண்டூர் இன்றும் தில்லை மண்டூர் எனப்படுவது அம்மரத்தாலேயே. மாரி வெள்ளம் முகத்துவாரத்தை உடைக்க, கோடையில் மணற்றிட்டு அதனை அடைக்க, வாவிநீரின் உவர் பருவந்தோறும் மாறும். போர்க்காலத்தில் பாதுகாப்பின் பொருட்டும் இக்காடுகள் வெட்டப்பட்டன. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக் கரையோரம் பல இடங்களில் கண்டற் கன்றுகள் ஊக்கத்தோடு நடப்பட்டன. அவற்றுட் பெரும்பகுதி பிழைக்கவில்லை. நீரின் ஆழமும் உவரும் நோக்காது நட்டமை இதற்கொரு முதன்மைக் காரணம். தாய்மரங்கள் அண்மையில் நிற்கும் சேற்றுக்கரைகளிலோ, நீரில் மிதந்து வரும் கண்டல் நாற்றுகள் நடுவார் எவருமின்றியே வேரூன்றுகின்றன.