நிலத்திலிருந்து நீருக்கு: திமிங்கிலத்தின் பரம்பரையலகுகள் கூறுவது என்ன?



"நீரில் நீந்த வேண்டிய தேவை ஏற்பட்டதால் திமிங்கிலங்கள் தமது கால்களைத் துடுப்புகளாக மாற்றிக்கொண்டன." கூர்ப்புப் பற்றிய வினாக்களுக்கு விடை எழுதும்போது பலர் இப்படியொரு வசனத்தை எழுதிவிடுகின்றனர். வாசிக்கும்போது சரிபோலத் தோன்றினாலும் இது பிழையான விடையாகும். எந்த விலங்கும் தேவை கருதித் தன் உடலை மாற்றிக்கொள்வதில்லை. அப்படியாயின் மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? அவ்விலங்குகளின் பரம்பரையலகுகளே இதற்கு விடை தருகின்றன.

1. திமிங்கிலம் மீனன்று

திமிங்கிலமும் டொல்பினும் முலையூட்டிகளாகும். அவை பூக்களால் (செவுள்களால்) அன்றி நுரையீரல்களால் சுவாசிக்கின்றன. குட்டி ஈன்று பாலூட்டுகின்றன. மீன் தன் வாலை இடமும் வலமுமாக அசைக்கும். திமிங்கிலமோ மேலும் கீழுமாக அசைக்கும். வேகமாக ஓடும் நாயின் முள்ளந்தண்டு மேலும் கீழும் வளைவதைக் கவனியுங்கள். நிலத்தில் ஓடிய மூதாதையரின் அதே அசைவையே திமிங்கிலத்தின் வாலிலும் காண்கின்றோம்.

2. மூதாதையர் யார்?

பாகிஸ்தானில் கிடைத்து 1981 இல் விவரிக்கப்பட்ட பக்கிசீற்றஸ் என்னும் உயிர்ச்சுவடு ஏறத்தாழ 50 மில்லியன் ஆண்டுகள் பழைமையானது. இவ்விலங்கு நான்கு கால்களால் நடந்தது. எனினும் அதன் காது என்பு திமிங்கிலங்களுக்கே உரிய அமைப்பைக் கொண்டிருந்தது. இதற்குப் பின்னர் கடலில் வாழ்ந்த பசிலோசோரஸ் 15 மீற்றருக்கும் அதிக நீளமுடையது. அதற்கு மிகச் சிறிய பின்னங்கால்கள் இருந்தமை எகிப்திய உயிர்ச்சுவடுகள் மூலம் 1990 இல் அறியப்பட்டது.

1999 இல் யப்பானிய ஆய்வாளர்கள் டீ.என்.ஏ.யை ஒப்பிட்டு, இன்று வாழும் விலங்குகளுள் நீர்யானையே திமிங்கிலத்தின் மிக நெருங்கிய உறவு எனக் காட்டினர். இரு விலங்குகளின் டீ.என்.ஏ.யிலும் ஒரே இடங்களில் ஒரே வகையான துண்டுகள் செருகப்பட்டிருந்தமையே இதற்குச் சான்றாகும்.

3. பரம்பரையலகுகளில் நிகழ்ந்த மூவகை மாற்றங்கள்

(அ) இயங்காது நின்றவை

டொல்பினின் முளையத்தில் ஆரம்பத்தில் பின்னங்கால் மொட்டுகள் தோன்றிப் பின்னர் மறைந்துவிடுகின்றன. அவயவம் வளர்வதற்குத் தேவையான 'சொனிக் ஹெட்ஜ்ஹொக்' என்னும் பரம்பரையலகு அம்மொட்டுகளில் இயங்குவதில்லை என 2006 இல் கண்டறியப்பட்டது. அப்பரம்பரையலகு அழிந்துவிடவில்லை என்பதைக் கவனிக்குக. உடலின் ஏனைய பகுதிகளில் அது வழமைபோல் இயங்குகின்றது.

(ஆ) திருத்தமடைந்தவை

ஸ்பேர்ம் திமிங்கிலம் 1000 மீற்றருக்கும் அதிக ஆழத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் மூச்சடக்கி இருக்கக்கூடியது. அதன் தசைகளில் மயோகுளோபின் என்னும் புரதம் பெருமளவு ஒட்சிசனைச் சேமித்து வைத்திருப்பதே காரணம். சாதாரணமாக ஒரு புரதம் மிக நெருக்கமாக இருந்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். திமிங்கிலத்தின் மயோகுளோபின் மூலக்கூறுகளின் மேற்பரப்பில் நேரேற்றம் அதிகம். ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுமல்லவா? ஆகவே அவை நெருக்கமாக இருந்தும் திரள்வதில்லை. 2013 இல் வெளியான ஆய்வொன்று இதனை விளக்கியது.

(இ) பழுதடைந்தவை

திருகோணமலைக்கும் மிரிஸ்ஸவுக்கும் அப்பாற் காணப்படும் நீலத் திமிங்கிலத்திற்குப் பற்கள் இல்லை. ஆயினும் பல் மிளிரியை ஆக்க உதவும் பரம்பரையலகு ஒன்று பழுதடைந்த நிலையில் அதன் டீ.என்.ஏ.யில் இன்றும் உள்ளது. இனிப்பு, கசப்புச் சுவைகளை உணரும் பரம்பரையலகுகளும் திமிங்கிலங்களில் பழுதடைந்துள்ளன. 2019 இல் வெளியான ஆய்வொன்று, நீர்வாழ்வுக்கு மாறிய காலத்தில் திமிங்கிலங்களின் மூதாதையர் இழந்த 85 பரம்பரையலகுகளை இனங்கண்டது. அவற்றுட் சில குருதி உறைதலுடன் தொடர்புடையவை. ஆழத்தில் மூழ்கும்போது குருதிக்கலன்களில் கட்டிகள் உண்டாகும் அபாயத்தை இவ்விழப்புக் குறைத்திருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர்.

4. மாற்றம் நிகழ்ந்த முறை

பரம்பரையலகில் விகாரம் தற்செயலாகத் தோன்றுகின்றது. அது பயனுடையதாயின் அதனைக் கொண்ட விலங்கு அதிக எச்சங்களை விட்டுச்செல்லும். இதுவே இயற்கைத் தேர்வு. ஒரு பரம்பரையலகு பயனற்றுப்போனால், அதிற் பழுது ஏற்பட்டாலும் விலங்கிற்குத் தீங்கில்லை. எனவே அப்பழுது களையப்படாமல் அடுத்த சந்ததிக்குச் செல்லும். இலாமார்க் கூறியதுபோல், பயன்படுத்தாத உறுப்பு ஒரு விலங்கின் வாழ்நாளில் தேய்ந்து, அத்தேய்வு குட்டிக்குச் செல்வதில்லை.

5. இழந்தது மீளாது

நிலத்தில் வாழும் முலையூட்டிகளின் குருதியில் பராஒக்சனேஸ் 1 என்னும் நொதியம் உண்டு. ஓகனோபொஸ்பேற்று வகைப் பீடைநாசினிகள் உடலிற் சேரும்போது உருவாகும் நச்சுப்பொருள்கள் சிலவற்றை இது சிதைக்கும். திமிங்கிலங்களும் டொல்பின்களும் இந்நொதியத்திற்குரிய பரம்பரையலகைப் பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னரே இழந்துவிட்டன என 2018 இல் அறியப்பட்டது. அன்று கடலில் இந்த நஞ்சு இருக்கவில்லை. ஆகவே இழப்பினாற் பாதிப்பும் இல்லை. இன்றோ வயல்களில் தெளிக்கப்படும் நஞ்சு மழைநீருடன் ஆறுகள் வழியே கடலைச் சேர்கின்றது. பழுதடைந்த அந்தப் பரம்பரையலகைத் திமிங்கிலம் தேவை கருதி மீண்டும் ஆக்கிக்கொள்ள முடியாது. கூர்ப்பு என்பது விருப்பத்தினால் நிகழ்வதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

நினைவிற் கொள்க
• விகாரம் தற்செயலானது. தேர்வு சூழலைப் பொறுத்தது.
• விடையில் "மாற்றிக்கொண்டன" என்பதற்குப் பதிலாக "விகாரமும் இயற்கைத் தேர்வும் காரணமாக மாற்றமடைந்தன" என எழுதுக.

பயிற்சி வினாக்கள்
1. திமிங்கிலம் நிலவாழ் முலையூட்டியிலிருந்து தோன்றியது என்பதற்கு உயிர்ச்சுவட்டுச் சான்று ஒன்றும் டீ.என்.ஏ. சான்று ஒன்றும் தருக.
2. டொல்பினின் பின்னங்கால் மொட்டு வளர்ச்சியடையாமைக்குக் காரணம் யாது?
3. "ஒரு சூழலில் தீங்கற்றதாக இருந்த இழப்பு, சூழல் மாறும்போது ஆபத்தாகலாம்." பொருத்தமான உதாரணம் கொண்டு விளக்குக.