ஓய்வெடுத்தும் தீராத களைப்பு

1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரின் தரைப்போர் 100 மணி நேரத்தில் முடிந்தது. ஆனால் அதில் பங்கேற்ற ஏறத்தாழ 7 இலட்சம் அமெரிக்கப் படையினருள் பலருக்குத் துன்பம் நாடு திரும்பிய பின்னரே தொடங்கியது. தீராத களைப்பு, தசைவலி, மறதி, புத்துணர்வு தராத உறக்கம் ஆகியவை ஆண்டுக்கணக்கில் நீடித்தன. வழக்கமான பரிசோதனைகளில் பெரும்பாலும் குறை ஏதும் தென்படவில்லை.

இது வெறும் மனப்பிரமையா? 2005இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட களைப்பு நோய் போருக்குச் சென்றோரில் 1.6 விழுக்காட்டினருக்கும், செல்லாத படையினரில் 0.1 விழுக்காட்டினருக்கும் காணப்பட்டது. பரிசோதனை முடிவு இயல்பாக இருப்பதனாலேயே நோய் இல்லை என்று கூறிவிட இயலாது என்பதே இதில் நாம் அறியவேண்டியது.

படையில் பணியாற்றாதோருக்கும், குறிப்பாக வைரஸ் காய்ச்சலுக்குப் பின், இந்நோய் வரலாம். 6 மாதங்களுக்கு மேல் களைப்பு நீடித்தால், முதலில் இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய், குறட்டையுடன் கூடிய மூச்சுத்தடை, மனச்சோர்வு ஆகியவை உள்ளனவா என நாங்கள் ஆராய்கிறோம். இவற்றுள் பெரும்பாலானவை மருந்தால் கட்டுப்படுபவை.

"எவ்வளவு களைப்பு?" என்பதோடு நாங்கள் நிறுத்துவதில்லை. மாடிப்படி ஏற முடிகிறதா, குளித்தபின் படுக்க நேர்கிறதா, கடைக்குச் சென்றுவந்தால் மறுநாள் எப்படி இருக்கிறது என்றும் கேட்கிறோம். நோயின் உண்மையான அளவுகோல் அன்றாடச் செயல்திறனே. சிறு உழைப்புக்குப் பின் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ உடல் மேலும் தளர்ந்தால், அதைத் தவறாமல் தெரிவியுங்கள். அத்தகையோர் உடற்பயிற்சியை வலிந்து கூட்டுவது தீங்காகலாம்.

இந்நோயை முற்றாக நீக்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும் வாழ்வைச் சீராக்க வழியுண்டு. 1,092 வளைகுடாப் போர் வீரர்களிடம் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றோரில் சுமார் 12 விழுக்காட்டினரின் உடற்செயல்திறன் ஓராண்டில் மேம்பட்டது; சிந்தனை, நடத்தை சார்ந்த ஆலோசனையும் பெற்றோரில் அது சுமார் 18 விழுக்காடு. பயன் சிறிதே, ஆயினும் உண்மையானது.

நலமாக உள்ள நாளில் எல்லா வேலைகளையும் செய்து முடிக்க முனையாதீர்கள். வேலையைப் பகுத்துக்கொண்டு, களைப்பு வருமுன்னரே இளைப்பாறுங்கள்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள்: "பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய்" என்று சொல்லாதீர்கள். "இன்று எந்த வேலையை நான் செய்யட்டும்?" என்று கேளுங்கள். அடுத்த முறை வரும்போது, ஒரு வாரத்தின் உறக்கம், உழைப்பு, களைப்பு ஆகியவற்றைக் குறித்த தாளொன்றைக் கொண்டுவாருங்கள். சிகிச்சையை அதிலிருந்து தொடங்குவோம்.