எல்லைப்புற நீர்வளத் தகவல்களைத் திரட்டும் நெறி: குந்தாரப்பள்ளி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஆறுகள் கருநாடகத்தில் தோன்றித் தமிழகத்தில் பாய்பவை. அவற்றின் நீரளவு, நீர்த்தரம், நிலத்தடி நீர்நிலை பற்றிய தகவல்கள் இரு மாநில அரசுகளிடமும் ஒன்றிய அரசின் நிறுவனங்களிடமும் சிதறிக் கிடக்கின்றன. எந்தத் தகவலை எந்த அலுவலகத்தில், எந்தச் சட்டத்தின் துணைகொண்டு பெறலாம் என்பதையும், பெற்றவற்றை ஒப்பிடுங்கால் நேரும் இடர்ப்பாடுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தென்பெண்ணை, மார்க்கண்டேய நதி, நிலத்தடி நீர், தகவல் அறியும் உரிமை, மாசுக் கட்டுப்பாடு.

முன்னுரை

கிருஷ்ணகிரி – ஓசூர் தேசிய நெடுஞ்சாலையில் வாரச்சந்தையால் அறியப்படும் ஊர் குந்தாரப்பள்ளி. மார்க்கண்டேய நதி பாயும் வேப்பனப்பள்ளிப் பகுதிக்குச் செல்லும் சாலை இங்கிருந்து பிரிகிறது. மேற்கே ஓசூர்த் தொழிற்பேட்டைகளும் கெலவரப்பள்ளி நீர்த்தேக்கமும், தெற்கே கிருஷ்ணகிரி அணையும் உள்ளன. வேளாண்மையும் தொழிலும் ஒரே நீரை நாடும் இவ்வட்டாரத்தில் நீர் பற்றிய தகவல் என்பது வாழ்வாதாரச் சிக்கலோடு பிணைந்தது.

வழக்கும் தரவும்

தென்பெண்ணையின் துணையாறாகிய மார்க்கண்டேய நதியின் குறுக்கே, கோலார் மாவட்டம் யார்கோள் அருகே கருநாடக அரசு குடிநீர்த் தேவைக்கென அணை கட்டியது. இதனை எதிர்த்துத் தமிழக அரசு 2018ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. சென்னை, மைசூர் அரசுகளிடையே ஏற்பட்ட 1892ஆம் ஆண்டு உடன்படிக்கை இவ்வழக்கில் முதன்மையான சான்றாக முன்வைக்கப்பட்டது. தடை கோரிய மனுவை 2019 நவம்பர் 14 அன்று தள்ளுபடி செய்த நீதிமன்றம், நடுவர் மன்றம் கோரி ஒன்றிய அரசை அணுகலாம் என்றது.

இத்தகைய பூசல்களில் எல்லையைக் கடந்து வரும் நீரின் அளவே இறுதியில் வினாவாகிறது. மாநிலங்களிடைநிலை ஆற்றுநீர்த் தகராறுகள் சட்டம், 1956இல் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 9அ பிரிவு, ஒவ்வோர் ஆற்றுப்படுகைக்கும் தரவு வங்கி பேணும் பொறுப்பை ஒன்றிய அரசுக்கு அளித்திருப்பது இதன் இன்றியமையாமையை உணர்த்தும்.

தகவல் இருக்குமிடங்கள்

ஆற்றில் ஓடும் நீரின் அளவை ஒன்றிய நீர்வள ஆணையம் தன் அளவை நிலையங்களில் பதிவு செய்கிறது. தென்பெண்ணையின் மேற்பகுதிக்கு ஓசூர் அருகிலுள்ள சிங்கசாதனப்பள்ளி நிலையத்தின் பதிவுகள் பயன்படும். எனினும், முதன்மை ஆற்றில் எடுத்த அளவைத் துணையாறான மார்க்கண்டேய நதிக்கு ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. அணைகளின் நீர்வரத்து, வெளியேற்றம், ஏரிகளின் கொள்ளளவு ஆகியவற்றுக்குத் தமிழக நீர்வளத்துறையை அணுகவேண்டும்.

நிலத்தடி நீரைப் பொறுத்தவரை, ஒன்றிய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டத்தை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நீரில் எத்தனை விழுக்காடு எடுக்கப்படுகிறது என்பதைக் கொண்டு பகுதிகள் வகைப்படுத்தப்படுகின்றன. 70 விழுக்காடு வரை பாதுகாப்பானது. 70 முதல் 90 வரை ஓரளவு அபாயமானது. 90 முதல் 100 வரை அபாயமானது. 100க்கு மேல் மிகைநுகர்வுக்கு உட்பட்டது.

நீர்த்தரத்துக்கு ஒன்றிய, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களே முதன்மையான இடங்கள். உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமைக் கடக்கும் ஆற்றுப்பகுதிகளை ஒன்றிய வாரியம் மாசடைந்தவையாகக் கணிக்கிறது. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழியும் நீர் தென்பெண்ணையை அடைந்து கெலவரப்பள்ளிக்கு வருதலால், அந்நீர்த்தேக்கத்தில் மிதக்கும் நுரையை ஆராய்வோர்க்குக் கருநாடக வாரியத்தின் பதிவுகளும் தேவை. தமிழகப் பதிவை மட்டும் கொண்டால் விளைவு தெரியும், காரணம் தெரியாது.

சட்ட வழிகள்

நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 1974 ஆய்வாளர் பலரும் பயன்படுத்தாத ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளது. ஆலைகளுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளின் பதிவேட்டை வாரியம் பேணவேண்டும் என்றும், கழிவுநீர் வெளியேற்றம் தொடர்பான பகுதியை அதனால் பாதிக்கப்படுவோரும் அதில் அக்கறை உடையோரும் பார்வையிடலாம் என்றும் அதன் 25(6) பிரிவு கூறுகிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி 30 நாள்களுக்குள் தகவல் தரப்படவேண்டும். விண்ணப்பம் வேறு அலுவலகத்துக்கு உரியதாயின் 6(3) பிரிவின்படி 5 நாள்களுக்குள் அங்கு மாற்றி அனுப்பவேண்டும். எந்த அலுவலகம் உரியது என்ற ஐயம் எழும் எல்லைப்புற ஆய்வில் இப்பிரிவு பெரிதும் உதவும். எனினும், ஒரு மாநில அலுவலகம் பிற மாநில அலுவலகத்துக்கு மாற்றும் என எதிர்பாராது, இரு மாநிலங்களுக்கும் தனித்தனியே விண்ணப்பித்தலே நன்று. தமிழக அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம். கருநாடக அலுவலகங்களுக்குக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதவேண்டும்.

தனியார் ஆலை பற்றிய தகவல் கிட்டாது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால், வேறொரு சட்டத்தின்கீழ் பொது அதிகார அமைப்பு தனியாரிடமிருந்து பெறத்தக்க தகவலும் இச்சட்டத்தின் 2(எஃப்) பிரிவுக்குள் அடங்கும். ஆகவே ஆலையைக் கேளாமல், அதனைக் கண்காணிக்கும் வாரியத்தைக் கேட்பதே முறை. 'மாசு பற்றிய விவரம் தருக' என்ற பொதுக் கோரிக்கையைவிட, ஆண்டு, மாதிரி எடுத்த இடம், அளவுகூறு, ஆவணத்தின் பெயர் ஆகியவற்றைச் சுட்டும் கோரிக்கையே பயன் தரும். விடை நிறைவளிக்காவிடில் 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடும், அதன் முடிவுக்குப்பின் 90 நாள்களுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம்.

2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்கீழ் ஒப்புதல் பெற்ற திட்டங்களின் அரையாண்டு இணக்க அறிக்கைகள் பொது ஆவணங்களாகும். இவற்றை விண்ணப்பமின்றியே ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' தளத்தில் முதலில் தேடவேண்டும்.

ஒப்பீட்டில் எழும் இடர்

தகவல் கிடைத்ததும் ஆய்வு முடிந்துவிடுவதில்லை. தமிழகத்தில் முன்னர் குறுவட்ட அளவில் மதிப்பிடப்பட்ட நிலத்தடி நீர், கருநாடகத்தில் வட்ட அளவில் மதிப்பிடப்படுகிறது. பரப்பில் பெரிய வட்டத்தின் சராசரிக்குள் அபாய நிலையிலுள்ள சிற்றூர்கள் மறைந்துவிடக்கூடும். எல்லையின் இருபுற வண்ணப்படங்களை அப்படியே ஒட்டி முடிவு காண்பது பிழைக்கு இடந்தரும். அவ்வாறே, மழைக்கு முன் எடுத்த நீர்மட்டத்தை மழைக்குப் பின் எடுத்ததோடு ஒப்பிடலாகாது. வெள்ளக்கால மாதிரியைக் கோடைக்கால மாதிரிக்கு இணையாகக் கொள்ளலும் ஆகாது. எனவே ஒவ்வோர் எண்ணுடனும் அளந்த நிறுவனம், இடம், நாள், முறை ஆகிய நான்கையும் குறித்தல் வேண்டும்.

முடிவுரை

1992ஆம் ஆண்டு ரியோ சாற்றுரையின் 10ஆம் கொள்கை, சுற்றுச்சூழல் முடிவுகளில் மக்கள் பங்கேற்கத் தகவல் பெறும் வாய்ப்பு வேண்டும் என வலியுறுத்தியது. குந்தாரப்பள்ளி வட்டாரத்தில் அக்கொள்கை நடைமுறைக்கு வரத் தேவையான சட்டங்கள் உள்ளன. இரு மாநிலப் பதிவுகளையும் ஒரே அளவுகோலில் அடுக்கி, உழவர்க்கும் உள்ளாட்சிகளுக்கும் விளங்கும் தமிழில் தரும் பணி ஆய்வுலகத்தைச் சார்ந்ததாகும். கல்லூரித் துறைகள் ஆண்டுதோறும் ஒரு படுகையை எடுத்துக்கொண்டு இத்தகவல்களைத் தொடர்ந்து தொகுத்து வருமாயின், அடுத்த பூசல் எழும்போது ஊகத்துக்கு மாறாகச் சான்று பேசும்.