என்சைமும் கிருமிக்கொல்லியும் கலந்தால் அது கண்டுபிடிப்பா?

காகித ஆலையில் சுற்றி ஓடும் தண்ணீரிலும் கூலிங் டவர் தண்ணீரிலும் பாக்டீரியாக்கள் வழுவழுவென்று ஒரு படலம் கட்டிக்கொள்ளும். கிருமிக்கொல்லியை எவ்வளவு ஊற்றினாலும் படலத்துக்கு அடியில் இருப்பவை தப்பித்துவிடும். புரதத்தையோ மாவுச்சத்து மாதிரியான சர்க்கரைச் சங்கிலிகளையோ வெட்டும் என்சைம்களைப் போட்டால் படலம் தளரும், மருந்து உள்ளே இறங்கும். அப்போ ரெண்டையும் சேர்த்தே ஊற்றலாமேன்னு யாருக்கும் தோணும்தானே? காப்புரிமைச் சண்டை முழுக்க இந்த 'தோணும்தானே'வில்தான் இருக்கிறது.

துறை தெரிந்த சராசரி ஆளுக்கு எளிதில் புலப்படக்கூடிய ஒன்றுக்கு அமெரிக்காவில் காப்புரிமை இல்லை. 1980இல் கெர்க்கோவன் என்ற வழக்கு, சலவைத்தூள் விவகாரம். ஒரே வேலைக்கு உதவும் என்று ஏற்கெனவே தெரிந்த இரண்டு பொருள்களை அதே வேலைக்காகக் கலந்தால், முதல் பார்வையில் அது புலப்படக்கூடியதே என்றது நீதிமன்றம். இதிலிருந்து தப்ப, யாரும் எதிர்பாராத விளைவைக் காட்டியாக வேண்டும்.

அதற்குக் கிருமிக்கொல்லிக்காரர்கள் தூக்கிக்கொண்டு வருவது 1961இல் குல் என்பவரும் சகாக்களும் வெளியிட்ட கணக்கு. உதாரணத்துக்கு, தனியாக 100 பங்கு தேவைப்படும் பொருள் கலவையில் 30 போதும், 10 தேவைப்படுவது 2 போதும் என்றால், 0.3 + 0.2 = 0.5. கூட்டுத்தொகை ஒன்றுக்குக் கீழே வந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணைபோகின்றன என்று அர்த்தம்.

எனக்கு இடிக்கும் இடம் இதுதான். படலத்தை மட்டும் கரைக்கும் என்சைம் தனியாக எந்தக் கிருமியையும் கொல்லாது. அப்படின்னா அந்த '100' எங்கிருந்து வரும்? வகுக்க எண்ணே இல்லை.

"கொல்லாத பொருள்தானே, ஒரே வேலை செய்வதில்லையே, கெர்க்கோவன் பொருந்தாது" என்று விண்ணப்பதாரர் வாதாடலாம். ஆனால் படலம் கரைந்தால் மருந்து உள்ளே போகும் என்று பழைய ஆவணம் ஏதாவது முன்பே சொல்லியிருந்தால், சேர்த்துப் பார்க்கும் காரணம் அதிலேயே கிடைத்துவிடுகிறது.

வலுவான வாதம் வேறு பக்கம் இருக்கிறது. குளோரின் என்சைமையே சிதைக்கும். ஐசோதயசோலினோன்கள் புரதத்திலுள்ள கந்தகத் தொகுதிகளோடு வினைபுரியும். கெட்டுப்போகும் என்று எல்லோரும் ஒதுக்கிய ஜோடி வேலை செய்தால், அதை நானும் கண்டுபிடிப்பு என்பேன். ஆனால் அந்த ஜோடிக்கு மட்டும். ஒரு என்சைமையும் ஒரு ரசாயனத்தையும் சோதித்துவிட்டு 'எந்த என்சைமும், எந்தக் கிருமிக்கொல்லியும்' என்று வேலி போட்டால், ஆய்வாளர் வேலியைச் சுருக்கச் சொல்வார். சொல்லாவிட்டால், பக்கத்து ஆலைக்காரர் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் ரெண்டு பீப்பாயைக் கலக்கக்கூட உரிமம் வாங்கணும்.