ஒளி கூறும் சாக்ஷியம்

நம் பால்வீதியைப் போன்ற நக்ஷத்திர மண்டலங்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு நிற்கும் கூட்டங்கள் வானில் பல உள. அத்தகைய பெருங் கூட்டமொன்றின் எடை, சூரியனின் எடையைப் போல் கோடி கோடி மடங்கும் அதற்கு மேலும் ஆகும். எட்டாத தூரத்துப் பொருளை இங்ஙனம் நிறுப்பது எவ்வாறு என்பதை நேயர்கள் அறிவது நலமென்று கருதுகிறோம்.

1933-ஆம் வருஷத்தில், கலிபோர்னியாவில் ஆராய்ச்சி நடத்தி வந்த பிரிட்ஸ் ஸ்விக்கி என்னும் ஸ்விஸ் நிபுணர், கோமா என்ற கூட்டத்தை ஆராய்ந்தார். அதிலுள்ள மண்டலங்கள் அதிவேகமாய்ச் சஞ்சரிப்பதைக் கண்டார். ஒளிவிடும் பொருளின் ஆகர்ஷணம் மட்டுமே இருப்பின், அக்கூட்டம் என்றோ சிதறியிருக்க வேண்டும். ஆகவே, கண்ணுக்குப் புலப்படாத பொருள் அங்கே மிகுதியாய் உண்டென்று முடிவு கூறினார். நெடுங்காலம் அதனைப் பொருட்படுத்தியவர் சிலரே. கூட்டம் சமநிலையில் நிற்கிறது என்ற அனுமானத்தை ஆதாரமாய்க் கொண்ட சாக்ஷியம் அது. அவ்வனுமானத்தைச் சாராத வேறொரு சாக்ஷி வேண்டியிருந்தது.

அந்தச் சாக்ஷி ஒளியே. கனத்த பொருளருகே ஒளி வளைந்து செல்லும் என்பது ஐன்ஸ்டீன் கொள்கை. 1919 மே 29-ந் தேதி சூரிய கிரகணத்தின்போது எடுத்த படங்கள் அதனை ஊர்ஜிதம் செய்தன. ஆயினும், ஒரு நக்ஷத்திரம் மற்றொன்றன் ஒளியைக் கண்ணாடி வில்லைபோல் வளைப்பதை நேரில் காணும் நம்பிக்கையில்லை என்று 1936-இல் ஐன்ஸ்டீனே எழுதினார். மறு வருஷமே ஸ்விக்கி, தனி நக்ஷத்திரத்தை விட்டு மண்டலங்களை நோக்கினால் அது புலப்படுமென்று வாதித்தார். அவர் வாதமே வென்றது. ஏபெல் 370 என்னும் கூட்டத்தில் காணப்பட்ட ஒளிவில், அதற்கு வெகுதூரம் பின்னேயுள்ள ஒரு மண்டலத்தின் வளைந்த பிம்பமே என்று 1980-களின் பிற்பகுதியில் நிரூபணமாயிற்று. 1974-இல் காலஞ்சென்ற ஸ்விக்கி அதனைக் காணக் கொடுத்து வைக்கவில்லை.

வில்லின் வளைவு அகன்றிருப்பின் கூட்டத்தின் கனமும் அதிகம். மையத்துக்கு அப்பால் பிம்பங்கள் சிறிதே நீளுகின்றன. ஒரு பிம்பத்தைக் கொண்டு ஒன்றும் சொல்லுதற்கில்லை. ஆயிரக்கணக்கானவற்றை ஒருங்கே கணக்கிட்டால் அவை ஒருமுகமாய்ச் சாய்ந்திருப்பது விளங்கும். இதிலும் ஒரு குறையுண்டு: ஒளி வரும் வழியில் நிற்கும் பொருள் அனைத்தும் எடையில் சேர்ந்துவிடும். ஆதலின் பல முறைகளையும் ஒப்பிட்டே முடிவு காண்கின்றனர்.

2006-இல் வெளியான புல்லட் கூட்டத்தின் ஆராய்ச்சி மிக முக்கியமானது. அங்கே இரு கூட்டங்கள் மோதி ஒன்றையொன்று ஊடுருவிச் சென்றன. கொதிக்கும் வாயு நடுவே தங்கியதை, தமிழரான சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா விண்கலம் எக்ஸ் கிரணத்தால் காட்டிற்று. அவ்வாயுவின் எடை நக்ஷத்திரங்களின் எடையினும் அதிகம். ஆயினும் ஒளியின் வளைவு, பெருங்கனம் வாயுவிடம் இல்லை, விலகிச் சென்ற மண்டலங்களுடனேயே உள்ளதென்று உரைத்தது. ஆகர்ஷண விதியைத் திருத்தினாலே போதும் என்போருக்கு இது பெருஞ் சங்கடமே.

கூட்டங்களின் எடையில் நூற்றுக்குச் சுமார் 85 பங்கு இருட்பொருள் என்று இன்று கணிக்கின்றனர். பெரியோர் வாக்காயினும் சோதனைக்கு உட்பட்டதே என்பதையும், புறக்கணித்த வாதமும் தக்க சாக்ஷியம் கிட்டினால் வெல்லும் என்பதையும் இவ்வரலாறு உணர்த்துகிறது. கனம் எவ்வளவு என்பதற்கு ஒளி சாக்ஷி கூறிவிட்டது. அப்பொருள் யாது என்ற வழக்கோ இன்னும் தீர்ப்பாகவில்லை.