துக்கமும் வருகைப்பதிவும்

2023 ஆகஸ்டில், தாம்பரம் மாநகராட்சிக்குட்பட்ட குரோம்பேட்டையில், நீட் எழுதியும் மருத்துவ இடம் கிடைக்காத மாணவர் ஜெகதீஸ்வரன் தற்கொலையால் இறந்தார். மறுநாள் அவருடைய தந்தையையும் இழந்தோம். அன்று ஊடகங்களின் முன் கண்ணீரோடு பேசியவர் ஒரு நண்பர். பணம் கட்ட முடிந்தவருக்கு இடம் கிடைக்கிறது, முடியாதவருக்கு என்ன வழி என்பதே அவரது கேள்வி.

துக்கம் கேள்வியாவது நமக்குப் புதிதல்ல. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில், விடுதியிலிருந்து விலக்கப்பட்ட ஐந்து தலித் மாணவர்கள் திறந்தவெளியில் கூடாரமிட்டு, அதற்குச் சேரி எனப் பொருள்படும் 'வெளிவாடா' என்று பெயரிட்டனர். அவர்களுள் ஒருவரான ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று மறைந்தபின், அவ்விடமே தோழர்கள் கூடி அழவும் நீதி கேட்கவும் களமானது. இழப்புக்குச் சமூகக் காரணம் இருக்கும்போது, அதைச் சேர்ந்து கேட்பதும் ஆறுதலின் ஒரு பகுதியே.

எனினும், செய்தியாகாத துக்கங்களே மிகுதி. தந்தையை இழந்த முதல் தலைமுறை மாணவர் பதினாறாம் நாள் காரியம் முடிந்து தாம்பரத்துக்கு மின்ரயிலேறும்போது, வீட்டுக் கடனும் தம்பி தங்கையரின் படிப்பும் உடன் வருகின்றன. கல்லூரிப் பதிவேட்டிலோ அந்நாள்கள் வெறும் விடுப்பு. 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்வெழுதுவதே கேள்விக்குறி. வசதியுள்ளவருக்கு அழ நேரம் கிடைக்கிறது. நம்மவருக்கு அதுவும் சலுகையாகிவிடுகிறது.

இதை இரக்கத்தின் பெயரால் அல்ல, உரிமையின் பெயரால் கேட்க வேண்டும். டெல்லி ஐஐடி மாணவர் இருவரின் மரணம் குறித்த வழக்கில், 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், மாணவர் மனநலம் குறித்து ஆராயத் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில் வேறொரு வழக்கில், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகரை அமர்த்த வேண்டும் என்று வழிகாட்டியது. நம் கல்லூரியில் அவர் இருக்கிறாரா? சாதி தரும் காயத்தை அறிந்தவரா? துக்க விடுப்பு வருகைக் கணக்கில் கழிக்கப்படாதிருக்கிறதா? மாணவர் அமைப்புகள் எழுத்துமூலம் கேட்கலாம்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை எளியவை. இழவு வீட்டுக்குச் செல்வோம். பாடக்குறிப்புகளை எடுத்து வைப்போம். துறைத்தலைவரிடம் உடன் நின்று பேசுவோம். ஒரு மாதம் கழித்தும் விசாரிப்போம். வாழ்வே வேண்டாமென்று ஒருவர் சொன்னால் தனியே விடாமல், 104 அல்லது 14416 எண்ணை உடனிருந்து அழைப்போம்.